ஓவியம் பழகுதலும் பிறவி என்னும் சொல்லும்

கரித்துண்டு கையில் கிடைத்தால் சுவரை விட்டுவைக்கும் குழந்தை உலகில் இல்லை. யானையும் வீடும் அம்மாவும் அச்சுவரில் தோன்றிவிடும். பத்துப் பன்னிரண்டு வயதளவில் பெரும்பாலோர் அதனைக் கைவிட்டு விடுகின்றனர். காரணம் வினவினால், "எனக்கு வராது, அது பிறவியிலேயே அமைய வேண்டும்" என்பர். நாற்பதிலும் ஐம்பதிலும் ஒரு வரைதாள் புத்தகமும் நான்கு பென்சிலும் வாங்கி மீண்டும் தொடங்குவோர் இன்று பலர் உளர். அவர்களுட் சிலர் ஒரு திங்கள் கழிவதற்குள் அதே சொல்லைச் சொல்லிப் புத்தகத்தைப் பரண்மேல் போட்டுவிடுகின்றனர். அச்சொல் மெய்யா, மெய்யாயின் எம்மட்டும் மெய் என்பதே இங்கு யாம் ஆராய விழைவது.

பிறவி என்னும் சொல் நமக்குப் புதிதன்று, அன்பர்களே! இன்னாருக்கு இன்னது வரும், இன்னாருக்கு இன்னது வராது என்று பிறப்பைக் காட்டி வரையறுத்த உரையை நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாகக் கேட்டனர். பிறர் அதைச் சொன்னபோது நாம் சினந்தோம், மறுத்தோம். நம்மைக் குறித்து நாமே சொல்லிக்கொள்ளும் வேளையில் மட்டும் அதற்கு அடக்கம் என்று பெயர் சூட்டுகின்றோம். வெளியே துரத்திய ஒன்றைப் பின்வாயில் வழியே அழைத்துக்கொள்வது எவ்வகை அடக்கமோ, யான் அறியேன்.

யான் ஆலையில் நூற்புப் பகுதியில் பல ஆண்டு நின்றவன். அங்கே புதியவன் முதலில் கற்பது அறுந்த இழையை ஒட்டுதல். சுழலும் கதிரை நிறுத்தி, பாபினில் நூலின் முனையைத் தேடி எடுத்து, வளையத்தில் ஓடும் டிராவலரில் மாட்டி, மேலே உருளையினின்று வெளிவரும் பஞ்சிழையோடு சேர்த்துவிட வேண்டும். முதல் வாரம் நூலின் முனை அவன் கண்ணுக்கே அகப்படாது. மூன்றாம் மாதம் பக்கத்து ஆளோடு பேசிக்கொண்டே ஒட்டுவான். அவனைப் பார்த்து, "இவன் பிறவியிலேயே இழை ஒட்டுபவன்" என்று எந்த மேஸ்திரியும் வியக்கக் கேட்டதில்லை. கூலிக்குச் செய்யும் தொழிலில் எவரும் பிறவியைப் பேசுவதில்லை. புகழ் தரும் தொழில் என்றவுடன் பிறவி வந்து முன்னே நின்றுகொள்கின்றது. இஃது ஆராயத்தக்கது.

தொடக்கநிலையார் எங்கே பிழைக்கின்றனர் என்று காண்போம். மேசைமேல் கண்ணுக்குச் சற்றுத் தாழ ஒரு தம்ளர் இருக்கின்றது. அதன் வாய் ஒடுங்கிய நீள்வட்டமாகவே தெரிகின்றது. வரைபவரோ ஏறக்குறைய முழுவட்டம் இடுகின்றார். வாய் வட்டம் என்பது அவருக்குத் தெரியும். அடியை நேர்கோடாக இழுக்கின்றார். தம்ளர் தட்டையாக நிற்பதும் அவருக்குத் தெரியும். முகம் வரையுங்கால் கண்களை நெற்றிக்கு அருகே ஏற்றிவிடுகின்றார். அளந்து பார்ப்பின், உச்சந்தலைக்கும் மோவாய்க்கும் ஏறத்தாழ நடுவில் கண்கள் இருக்கக் காணலாம். கை தனக்குச் சொல்லப்பட்டதைச் செவ்வனே செய்தது. ஆனால் சொன்னது கண் அன்று. தம்ளர், முகம், கண் என்ற பெயர்களோடு மனத்தில் முன்பே குடியிருந்த ஓர் அறிவு அது. பெயரிட்டு அடையாளம் கொள்ளும் அவ்வறிவை நம் நூலோர் சஞ்ஞை என்பர்.

ஆதலின் பயிற்சி முறைகளுட் பல அப்பெயரைச் சற்று நேரம் வாய்மூடச் செய்யும் உபாயங்களாகவே அமைந்துள்ளன. கையை முழுதும் நீட்டிப் பென்சிலைப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, அகலம் இவ்வளவு எனின் உயரம் அதைப்போல் எத்தனை என்று அளப்பது ஒன்று. நாற்காலியை விட்டுவிட்டு அதன் கால்களுக்கு இடைப்பட்ட வெளியை வரைவது மற்றொன்று. அவ்வெளிக்குப் பெயரில்லை, ஆகவே கண் அதனை உள்ளபடி பார்க்கின்றது. அதனை வரைந்து முடித்தால் நாற்காலி தானே எழுந்து நிற்கும். கண்களைப் பாதி மூடிப் பார்த்தால் சிறு விவரங்கள் மறைந்து, ஒளியும் நிழலும் எங்கே பிரிகின்றன என்பது தெளிவாகும். மாதிரிப் படத்தைத் தலைகீழாக வைத்துப் பார்த்து வரைதலும் உண்டு. அமெரிக்க ஓவிய ஆசிரியை பெட்டி எட்வர்ட்ஸ் 1979ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலால் இம்முறை பலருக்கும் பழக்கமாயிற்று. மூளையின் வலப்புறம், இடப்புறம் என்று அவர் கூறிய விளக்கத்தை அறிவியலார் பலர் அவ்வாறே ஏற்பதில்லை. விளக்கம் எதுவாயினும் முறை பயன் தருகின்றது. தலைகீழான முகத்தை மனம் எளிதில் முகம் என்று அழைப்பதில்லை. கோடு, வளைவு, இடைவெளி இவையே எஞ்சுகின்றன.

மனிதரையும் உலகம் இவ்வாறன்றோ பார்த்தது? ஊர் எது, தெரு எது என்று கேட்டு, விடை கிடைத்தபின் எதிரே நிற்பவன் முகத்தைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டது. அவ்வாறு பார்க்கப்பட்டவர்களின் மக்கள் நாம். ஒரு தம்ளரை உள்ளபடி பார்க்க அரைமணி நேரம் பாடுபடுவது நமக்கு விளையாட்டுக் காரியம் ஆகாது.

இனி, வரலாற்றில் நாம் நன்கறிந்த ஒருவரைப் பார்ப்போம். வின்சென்ட் வான் கோ 1853இல் ஹாலந்து நாட்டில் பிறந்தவர். 1878இன் இறுதியில் பெல்ஜியத்தின் போரினாஜ் என்னும் நிலக்கரிச் சுரங்கப் பகுதிக்குச் சமயப் போதகராகச் சென்றார். தம் உடையையும் உடைமையையும் ஏழைத் தொழிலாளருக்கு ஈந்து அவர்களைப் போலவே வாழ்ந்தார். போதகர் பதவி நீடிக்கவில்லை. 1880இல், தம் இருபத்தேழாம் வயதில், ஓவியராவது என்று துணிந்தார். அவர் முதலில் செய்ததென்ன? சார்ல் பார்க் என்பார் வெளியிட்டிருந்த பயிற்சிப் படங்களை இரவல் பெற்று, கரிக்கோல் பயிற்சித் தாள் அறுபதையும் ஒன்று விடாமல் பார்த்து வரைந்தார்; பின்னர் மீண்டும் வரைந்தார். அந்நாளைய அவருடைய சித்திரங்களில் சுரங்கத் தொழிலாளர் விறைத்து நிற்கின்றனர்; கைகால்கள் உடம்போடு பொருந்தவில்லை. 1882இல் தி ஹேக் நகரில் நூல் கட்டிய ஒரு சட்டத்தைச் செய்வித்து, அதன் வழியே நோக்கித் தொலைவையும் அளவையும் கற்றார். 1885இல் உருளைக்கிழங்கு உண்போர் என்னும் படத்தைத் தீட்டுவதற்கு முன் குடியானவர் தலைகளை எத்தனையோ முறை வரைந்து பழகினார். 1890இல் இறந்தார். தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையே பத்தே ஆண்டுகள்.

"அவர் மேதை, நம்மோடு ஒப்பிடலாமா?" என்பீர்கள். நல்லது, மேதையை விடுவோம். இங்கிலாந்தின் வடகிழக்கே ஆஷிங்டன் என்றொரு சுரங்க ஊர் உள்ளது. 1934இல் தொழிலாளர் கல்விச் சங்கத்தின் வகுப்பொன்றில், பெரும்பாலும் சுரங்கத் தொழிலாளரான சிலர், ஓவியத்தைப் புரிந்துகொள்ள விரும்பினர். ராபர்ட் லயன் என்னும் ஆசிரியர் பழைய பேரோவியங்களின் படங்களைத் திரையில் காட்டி விளக்கினார். அது அவர்கள் மனத்தில் பதியவில்லை. உடனே அவர் முறையை மாற்றி, நீங்களே செய்து பாருங்கள் என்று கருவியைக் கையில் கொடுத்தார். வாரந்தோறும் ஒவ்வொருவரும் வீட்டில் வரைந்ததைக் கொண்டுவருவர். கூடியிருந்து குறை நிறை பேசுவர். 1936இல் அவர்களுடைய படங்கள் நியூகாசில் நகரில் காட்சிக்கு வைக்கப்பட்டன. சுரங்கத்தின் உள்வழி, உணவுவேளை, குளியல், நாய், தோட்டம் என்று தாம் அறிந்ததையே வரைந்தனர். ஏறத்தாழ ஐம்பது ஆண்டு அக்குழு நிலைத்தது. ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர்களுட் பெரும்பாலோர் ஓவியத்தால் பிழைக்கவில்லை; மறுநாள் காலையில் சுரங்கத்துக்கே இறங்கினர். அப்படங்கள் இன்று பழைய சுரங்கமொன்று இருந்த உட்ஹார்னில் அருங்காட்சியகமாக நிற்கின்றன.

மக்களிடையே இயல்பில் வேறுபாடே இல்லை என்று யான் வாதிடவில்லை. ஒருவன் விரைவில் கற்பான். ஒருவன் மெல்லக் கற்பான். ஆனால் மெல்லக் கற்பவனுக்குக் கற்றலே இல்லை என்பது எந்தக் கணக்கு?

பிறர் படத்தைப் பார்த்து வரைவது திருட்டாகாதா என்று ஓர் உபாசகர் கேட்டார். கொடுக்காததை எடுத்தல் கூடாது என்னும் சீலத்தை ஓவியத்திலும் நினைத்த அவர் நெஞ்சம் பாராட்டத்தக்கது. பம்பாய் ஓவியப் பள்ளியின் மாணவர்கள், ஜான் கிரிஃபித்ஸின் தலைமையில், 1872 முதல் பல ஆண்டுகள் அஜந்தாக் குகைகளில் இருந்து அச்சுவரோவியங்களைப் பார்த்து வரைந்தனர். பழைய ஓவியர் பெயரே தெரியாதவர். அவர்களுடைய கோட்டின் போக்கை அம்மாணவர் கை பின்பற்றிக் கற்றது. படியை மூலம் என்று சொல்லி விற்பதும், தனது என்று காட்டிப் புகழ் பெறுவதுமே களவு. கற்பதற்காக வரைந்து, யாரைப் பார்த்து வரைந்தது என்று அடியில் எழுதிவிட்டால் களவு எங்கே?

தமிழில் யாவரும் அறிந்த பழைய வெண்பா ஒன்று ஔவையார் பெயரால் வழங்குகின்றது. ஓவியம் கையின் பழக்கத்தால் வருவது என்கின்றது அது. பேச்சையும் கல்வியையும் நடையையும் அவ்வாறே பழக்கத்தில் சேர்க்கின்றது. ஆனால் நட்பும் ஈகையும் பிறப்பில் அமைவன என்று முடிக்கின்றது. முற்பகுதியை ஏற்கின்றேன், முடிவை ஏற்க என் மனம் மறுக்கின்றது. பார்க்கவே தெரியாத கண் பார்க்கக் கற்குமாயின், நடுங்கும் கை கோட்டைக் கற்குமாயின், கொடாத கை கொடுக்கக் கற்காதோ? பெரும் புலமைக்கு எதிராகப் படியாதவன் பேசுகின்றேன் என்று எவரேனும் சொன்னால் சொல்லட்டும்.

இன்னொரு தடையும் உண்டு. தன் தாளைப் பார்ப்பதை விட்டு அடுத்தவர் தாளைப் பார்ப்பது. யான் உயர்ந்தவன், யான் ஒத்தவன், யான் தாழ்ந்தவன் என்னும் மூன்றையுமே பகவன் மானம் என்று ஒருசேர எண்ணினார். இன்று கைப்பேசியைத் திறந்தால் நூறு கைதேர்ந்தவர் படம் ஒரு நொடியில் வருகின்றது. தொடங்கிப் பத்து நாளான ஒருவர் அவற்றோடு தம் தம்ளரை ஒப்பிட்டால் என்ன ஆகும்? ஒப்பிட வேண்டுமாயின் சென்ற திங்கள் தாம் வரைந்த தம்ளரோடு ஒப்பிடுக. அதற்காகவே, வரைந்த தாளைக் கிழிக்காமல் தேதியிட்டு வைத்தல் வேண்டும்.

எட்டு மணி நேரம் உழைத்து, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கு அலையும் ஒருவர் இதற்கு நேரம் செலவிடலாமா என்பது நேர்மையான கேள்வி. குடும்பத்துக்கு உரியதை எடுத்துச் செலவிடலாகாது. விலையுயர்ந்த வண்ணப் பெட்டியும் தூரிகையும் தொடக்கத்தில் தேவையில்லை. அரைமணி நேரம் போதும். ஒரே தம்ளரை நாள்தோறும், ஒரு நாள் சன்னல் பக்கமும் மறுநாள் விளக்கின் கீழும் வைத்து வரையலாம். ரப்பரை எட்டாத இடத்தில் வைப்பது நலம். தவறிய கோட்டின் மேலேயே சரியான கோட்டை இட்டால் இரண்டுக்கும் உள்ள தொலைவு கண்ணுக்குத் தெரியும். ஒளியும் நிழலும் பிடிபட்டபின் நீர்வண்ணத்துக்குப் போகலாம். அங்கே மெல்லிய நிறத்தை முதலில் இட்டு, அது உலர்ந்தபின் அடர்ந்ததை இட வேண்டும். காயும்வரை காத்திருக்கத் தெரியாதவர் படம் சேறாகிவிடும். அதற்கு இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன. தம்ளர் அடுக்களையிலேயே இருக்கின்றது.