இல்லத்தினுள் இம்சை

அகிம்சை அணுவிரதத்தைக் கெடுக்கும் அதிசாரங்கள் ஐந்து எனத் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் உமாசுவாமிகள் வகுத்துள்ளார். கட்டி அடைத்தல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், தாங்கொணாச் சுமை ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல் என்பன அவை. இவற்றை விளக்குவோர் பெரும்பாலும் ஏர் மாட்டையும் வண்டி மாட்டையுமே எடுத்துக்காட்டுவர். உழுதொழில் செய்த நம் முன்னோர்க்கு அது பொருந்தியதே. ஆயினும், மாட்டுக்கு இழைக்கலாகாத ஒன்று மனையாளுக்கு மட்டும் ஆகுமோ?

2020 மார்ச் 25 அன்று, கொரோனா நோய் பரவாதிருக்க நாடெங்கும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. உயிர்களைக் காக்கவே கதவுகள் அடைக்கப்பட்டன. தேசவிரதத்திற்கு அதனை ஒப்பிடத் தோன்றும். ஆனால் விரதம் என்பது ஒருவர் தாமே விரும்பித் தம் எல்லையைச் சுருக்கிக்கொள்வது. அடிக்கும் கணவனோடு ஒரே கூரையின்கீழ் அடைபட்ட பெண்ணுக்கு நேர்ந்ததோ பந்தம் என்னும் முதல் அதிசாரம். தாய்வீடு செல்லப் பேருந்து இல்லை. உறவினர் வர வழியில்லை. தொலைபேசியில் பேசினால் அருகிருப்பவன் செவியில் விழும். அன்று முதல் மே 31 வரையான 68 நாள்களில் தேசிய மகளிர் ஆணையத்திற்கு 1,477 குடும்ப வன்முறை முறையீடுகள் வந்தன. ஏப்ரல் 10 அன்று ஆணையம் வாட்ஸ்அப் வழியாகவும் முறையீடு பெறத் தொடங்கியது. ஓசையின்றி எழுதி அனுப்ப அது உதவிற்று. கைப்பேசியே கணவன் வசம் இருந்த பெண்கள் இக்கணக்கில் இரார்.

வருவாய் இழந்தான், மனம் நொந்தான், ஆதலால் கை நீட்டினான் என்பர். அவன் துன்பம் பொய்யன்று. எனினும் கடன் கேட்டு வந்தவனை அவன் அடிக்கவில்லை. வீதியில் தடுத்த காவலரை அடிக்கவில்லை. எதிர்க்க இயலாதவளைத் தேர்ந்தே கை எழுந்தது. ஆகவே அது நால்வகை இம்சையுள் இல்லறத்தார்க்கும் முற்றும் விலக்கப்பட்ட சங்கல்ப இம்சையே. குரோதத்தினும் மானமே அங்கு மிகுந்து நின்ற கஷாயம் என்பது என் எண்ணம்.

“பொறுத்துப் போ அம்மா” என்று கூறும் பெரியோரும் நம்மிடையே உளர். தச தருமத்துள் முதலாவது பொறை என்பர். தண்டிக்க வல்லவன் தண்டியாது விடுவதன்றோ பொறை? புகலிடம் இல்லாதவள் அடியைத் தாங்குவது அதுவாகாது. அதே தருமத்தை அடிப்பவனிடம் அவர்கள் ஏன் எடுத்துரைப்பதில்லை? செய்தல், செய்வித்தல், உடன்படல் ஆகிய மூவழியும் வினை ஊறும் என்று அறிந்த நாம், மதிலுக்கு அப்பால் அழுகுரல் கேட்டும் வாளா இருப்பின் அது மூன்றாம் வழியே.

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டம் அடியை மட்டுமன்றி, வசையையும் செலவுக்குப் பணம் மறுத்தலையும் வன்முறை என்கிறது. ஐந்தாம் அதிசாரம் அங்கும் இடம்பெற்றுவிட்டது! பாதிக்கப்பட்டவளே நேரில் சென்று சொல்ல வேண்டும் என்பதும் இல்லை. நல்லெண்ணத்துடன் எவரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தெரிவிக்கலாம். அதற்காக அவர்மீது வழக்கு எழாது. 181 என்னும் மகளிர் உதவி எண்ணை இரவிலும் அழைக்கலாம்.