அரைகுறைச் சாவு
கடலூர் மாவட்டத்து மங்களூர் வட்டாரத்தில் மக்காச்சோளம் கதிர் பிடிக்கும் நாளில் காட்டுப்பன்றி இறங்கினால் ஒரே ராத்திரியில் கொல்லை நாசம். மான் வேட்டைக்கு 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இடம் தரவில்லை. பன்றிக்கு மட்டும் கதவு லேசாகத் திறந்திருக்கிறது: காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் வனத்துறையினர் சுடலாம் என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தது. அப்படியானால் எதைக் கொண்டு சுடுவது? இங்கிலாந்தின் 1991 மான் சட்டம் இதை எண்ணிலேயே சொல்லிவிட்டது. பெரிய மானென்றால் ரைஃபிள் 0.240 அங்குலத்துக்குக் குறையக்கூடாது. குழலை விட்டுக் கிளம்பும் குண்டுக்கு 1,700 அடி-பவுண்டு ஆற்றலாவது வேண்டும். உடம்பில் பட்டதும் விரிகிற குண்டாக இருக்க வேண்டும். நுரையீரலோ இதயமோ கிழிந்தால் சில நொடிகளில் ரத்த அழுத்தம் விழுந்து விலங்கு சாயும். விசையில்லாத குண்டு வயிற்றில் தங்கினால் அது புதரில் கிடந்து நாள்கணக்கில் சாகும். சாகாமல் பிழைத்தாலும் ஆபத்துதான். ஜிம் கார்பெட் 1907-இல் சுட்ட சம்பாவத் பெண்புலி 436 பேரைக் கொன்றதாகக் கணக்கு. அதன் கோரைப்பற்களை உடைத்தது யாரோ சுட்ட பழைய குண்டு என்று அவரே எழுதியிருக்கிறார்.

கொல்வதென்று ஆனபின் குண்டில் என்ன தர்மம் என்று கேட்கலாம். கொலையை நியாயப்படுத்த நான் வரவில்லை. சாவுக்கும் சித்திரவதைக்கும் நடுவே இருக்கும் அந்த நாள்களைத்தான் கணக்கில் எடுக்கச் சொல்கிறேன். சரி, இருப்பதிலேயே பெரிய துப்பாக்கியை எடுத்தால் தீர்ந்ததா? உதைக்குப் பயந்து விசையை வெடுக்கென்று இழுப்பவன் கையில் பெரிய குண்டும் குறி தப்பும். போதாததற்கு, மங்களூர்ப் பக்கம் மேட்டுநிலமானாலும் குண்டைத் தடுக்கக் குன்று கிடையாது. தப்பிய ரைஃபிள் குண்டு கிலோமீட்டர் தாண்டி அடுத்த ஊர்க் களத்துமேட்டில் போய் விழலாம். பரண் மேலிருந்து மண்ணைப் பார்த்துச் சுடுவதே இங்கே பொருந்தும். தினைப்புனம் காத்த காலத்துப் பரணுக்கு இப்படியொரு வேலை! காயம்பட்டது ஓடினால் ரத்தத்தடம் பார்த்துப் பின்னாலேயே போய் முடித்துவைப்பதும் சுட்டவர் பொறுப்புதான்.

கடன் வாங்கி விதைத்தவனிடம் போய் அடி-பவுண்டு பேசுவதா என்பதுதான் கனமான ஆட்சேபம். அவன் கோபம் நியாயமானது. ஆனால் சுட வேண்டிய வனத்துறை ஆளும் இழப்பீடும் வரத் தாமதமாகிற ஒவ்வொரு வாரமும் கள்ளத்தனமாக வயலுக்குள் வருவது அவுட்டுக்காயும் மின்கம்பியும்தான். இரைக்குள் மருந்தை வைத்து, கடித்ததும் தாடையைப் பிளக்கிற அவுட்டுக்காயை விடக் கேவலமான ‘துப்பாக்கி’ எதுவும் இல்லை. 2020 மே மாதம் பாலக்காட்டில் வெடியிரையால் வாய் சிதைந்த சினை யானை, ஆற்றுத் தண்ணீரில் நின்றபடியே செத்தது. பன்றிக்கு வைத்ததை மேய்ச்சலுக்குப் போன பசுவும் கடிக்கும்.