அழைத்துச் சென்ற கை

கடைசிப் பகுதி முடிந்து திரை இருண்ட பிறகும் என் மனைவி எழுந்திருக்கவில்லை. வழக்கமாகப் படம் முடிந்த மறு நிமிஷம், அடுப்படியில் வேலை கிடக்கிறது என்று போய்விடுகிறவள் அவள்.

"ஏங்க, இதிலே யார் குற்றவாளி, யார் ஏமாந்தவங்கன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்றாள்.

கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு இது புதிய கேள்வியல்ல. என் பாத்திரங்களைப் பற்றி வாசகர்கள் இப்படிக் கேட்டு எழுதுவதுண்டு. பாத்திரங்கள் விஷயத்தில் ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடலாம்; அவர்கள் வந்து மறுக்கப் போவதில்லை. ஆனால் அன்றைக்கு நாங்கள் பார்த்தது, ரத்தமும் சதையுமாக வாழ்கிற மனிதர்களின் கதை.

'தி வவ்' என்பது தொடரின் பெயர். சபதம் என்று பொருள். ஜெஹான் நுஜைம், கரீம் ஆமர் என்ற இருவர் எடுத்த ஆவணப்படம். முதல் பருவம் 2020-லும் இரண்டாவது பருவம் 2022-லும் வெளிவந்தன. நியூயார்க் மாநிலத்தில் ஆல்பனி நகரத்தை ஒட்டி இயங்கிய 'நெக்ஸியம்' என்ற ஸ்தாபனத்தின் கதையை அது சொல்கிறது.

1998-ல் கீத் ரனீரி என்பவரும் நான்ஸி சால்ஸ்மன் என்ற பெண்மணியும் சேர்ந்து அதைத் தொடங்கினார்கள். தொடங்கும்போது அது மடமும் அல்ல, மதமும் அல்ல; வாழ்க்கையில் வெற்றி பெறுவதற்கான பயிற்சி வகுப்பு. பயத்தைப் போக்கிக்கொள்ளலாம், தயக்கத்தை வெல்லலாம், உங்களை நீங்களே மேம்படுத்திக்கொள்ளலாம் என்றார்கள். பணம் கட்டிச் சேர வேண்டும். படி உயர உயரத் தோளில் போட்டுக்கொள்ளும் துண்டின் நிறம் மாறும். ரனீரிக்கு 'முன்னணித் தலைவர்' என்று பொருள்படும் ஒரு பட்டம் உண்டு. படித்தவர்கள், நடிகைகள், படமெடுப்பவர்கள், பெரும் மதுபானச் செல்வக் குடும்பத்தின் வாரிசுகள் எல்லோரும் அதில் இருந்தார்கள். அவர்களை முட்டாள்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. ஒரு மோசடிக் கூட்டத்தில் சேரப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு யாரும் வீட்டை விட்டுக் கிளம்புவதில்லை. வகுப்பில் சேரத்தான் கிளம்புகிறார்கள்.

அங்கே என்ன சொல்லிக் கொடுத்தார்கள் என்பதுதான் என்னை யோசிக்க வைத்தது. 'உனக்கு நேர்வதற்கெல்லாம் நீயே பொறுப்பு. உன் துக்கத்துக்குக் காரணத்தை வெளியே தேடாதே, உனக்குள் தேடு' என்பது அந்தப் போதனையின் அடிநாதம். யோசித்துப் பாருங்கள், இதில் என்ன தவறு? நம் வீட்டுப் பெரியவர்களும் இதைத்தானே சொன்னார்கள்? எந்த நேரமும் பிறர்மேல் பழி போட்டுக்கொண்டு திரிகிறவனை யார்தான் மதிக்கிறார்கள்?

தவறு போதனையின் அளவில் இருக்கிறது. உப்பு சோற்றுக்கு ருசி, உப்பே சோறாகிவிட்டால்? வகுப்பில் ஒருத்திக்கு ஆசிரியர்மேல் சந்தேகம் எழுகிறது. உடனே அவளிடம், 'இந்தச் சந்தேகம் உன் எந்தப் பலவீனத்திலிருந்து வருகிறது?' என்று கேட்கிறார்கள். அவளுக்கு வலிக்கிறது, 'வலிக்கிறது என்று நீயே முடிவு செய்துகொண்டாய்' என்கிறார்கள். அவள் விலகிப் போக நினைக்கிறாள். 'பாதியில் ஓடுவது உன் பழைய வியாதி' என்கிறார்கள். கதவு திறந்துதான் இருக்கிறது. ஆனால் வாசற்படியில் கால் வைக்கும்போதெல்லாம் அவள் தன்னையே குற்றவாளியாக உணர்கிறாள். பூட்டுப் போட்ட சிறையைவிட இது பலமான சிறை.

இந்தக் கணக்கில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒவ்வொருவரும் தமக்கு நேர்வதற்கெல்லாம் தாமே முழுப் பொறுப்பு என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அவர்களுக்குத் தீங்கு செய்தவனுக்கு என்ன பொறுப்பு மிஞ்சும்? ஒன்றுமில்லை. மாணவர்கள் எல்லோருக்கும் பொறுப்பைப் பங்கு போட்டுக் கொடுத்த ஆசான், தமக்கென்று ஒரு பருக்கைகூட வைத்துக்கொள்ளவில்லை.

அதன் முடிவு பயங்கரமாக இருந்தது. ஸ்தாபனத்துக்குள்ளே பெண்களுக்கென்று ஒரு ரகசியக் குழு உண்டாயிற்று. எஜமானி என்றும் அடிமை என்றும் அதில் உறவு. சேருகிறவள் தன்னை அவமானப்படுத்தக்கூடிய படங்களையோ வாக்குமூலங்களையோ பிணையாக ஒப்படைக்க வேண்டும். சிலர் உடம்பில் சூடு போட்டு முத்திரை வைத்தார்கள். அது இயற்கையின் சக்திகளைக் குறிக்கும் சின்னம் என்று சொல்லப்பட்டது. உண்மையில் அதற்குள் ஒளிந்திருந்தவை ரனீரியின் பெயரெழுத்துக்கள். குழுவின் உச்சியில் அவர் இருப்பதே பல பெண்களுக்குத் தெரியாது. 2017 அக்டோபரில் ஒரு நியூயார்க் பத்திரிகை இதை வெளியிட்டது. அடுத்த மார்ச்சில் அவர் மெக்ஸிகோவில் பிடிபட்டார். 2019-ல் புரூக்ளின் நீதிமன்றத்தில் குற்றம் நிரூபணமாயிற்று. 2020-ல் 120 ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தார்கள்.

ரனீரியைப் பற்றி எங்கள் வீட்டில் இரண்டு அபிப்பிராயம் இல்லை. என் மனைவியின் கேள்வி அவருக்குக் கீழே இருந்தவர்களைப் பற்றியது.

"வயசு வந்தவங்கதானே? சம்மதிச்சுத்தானே போனாங்க?" என்றாள் முதலில்.

சம்மதம் என்பது தெரிந்துகொண்டு கொடுப்பது. பெண்கள் பெண்களுக்காக நடத்தும் சங்கம் என்று சொல்லி வாங்கிய சம்மதம், அதன் பின்னால் ஓர் ஆண் உட்கார்ந்திருக்கும்போது செல்லுமா? பிணையைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் வாங்கும் சம்மதத்துக்குச் சம்மதம் என்றுதான் பெயரா?

"அப்ப, அவங்க புத்தியை மயக்கிட்டாங்க. அவங்க மேலே ஒரு தப்பும் இல்லை" என்றாள்.

இதையும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஸாரா எட்மண்ட்ஸன் என்ற நடிகை சுமார் 12 ஆண்டுகள் அங்கே இருந்தவர். வான்கூவர் நகரத்துக் கிளையை நடத்தி, பலரைச் சேர்த்துவிட்டவர். முத்திரைச் சூடு பட்டபின் வெளியே வந்து, தம் பெயரையும் முகத்தையும் மறைக்காமல் உலகத்துக்குச் சொன்னவரும் அவரே. உள்ளே இருந்தபோது அவருக்குச் சுயபுத்தியே இல்லை என்றால், வெளியே வந்த துணிச்சல் யாருடையது? சேர்ந்ததற்குப் பொறுப்பில்லாதவருக்கு விலகியதற்குப் பாராட்டும் இல்லை. 'பாவம், ஏமாந்தவள்' என்று நாம் இரக்கத்தோடு சொல்லும்போது, அந்த மனுஷியிடமிருந்து மனுஷத்தன்மையையே கொஞ்சம் பிடுங்கிக்கொள்கிறோம்.

நீதிமன்றமும் இந்தச் சிக்கலோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. பணத்தால் தாங்கி நின்ற வாரிசுப் பெண்ணுக்கு 6 ஆண்டு 9 மாதம். நான்ஸி சால்ஸ்மனுக்கு மூன்றரை ஆண்டு. பெண்கள் குழுவில் எஜமானியாக இருந்த நடிகை அலிஸன் மாக்குக்கு 3 ஆண்டு. நான்ஸியின் மகள் லாரன், குற்றத்தை ஒப்புக்கொண்டு ரனீரிக்கு எதிராகச் சாட்சி சொன்னார். அவருக்குச் சிறை இல்லை, 5 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு மட்டுமே. அவரே அடிமை, அவரே எஜமானி. ஒரே ஆள் தீங்கை அனுபவித்தவராகவும் தீங்கு செய்தவராகவும் இருக்க முடியும் என்பதைச் சட்டம் தன் தராசில் நிறுத்துப் பார்த்தது.

படமெடுத்தவர்களும் இந்தக் கேள்விக்கு வெளியே நிற்கவில்லை. நுஜைமே முன்பு நெக்ஸியத்தின் பயிற்சி ஒன்றில் கலந்துகொண்டவர். தொடரில் வரும் பல காட்சிகள், மார்க் விசென்டே என்ற அங்கத்தினர் ஸ்தாபனத்தின் பெருமைக்காக எடுத்து வைத்தவை. தலைவரின் புகழ் பாட எடுத்த படமே பின்னால் அவருக்கெதிராகப் பேசுகிறது. ஆனாலும் ஒரு நெருடல்: காமிராவின் முன்னால் கண்ணீர் விடுவதும் தன்னைக் கழுவிக்கொள்வதற்கு ஒரு வழிதானே? சிலர் பேசும்போது, 'எனக்கு என்ன செய்துவிட்டார்கள்' என்ற வாக்கியம் எளிதாக வருகிறது. 'நான் யாரை அழைத்து வந்தேன்' என்ற வாக்கியம் தொண்டையில் சிக்கிக்கொள்கிறது.

அது ஏன் சிக்குகிறது என்பது எனக்குத் தெரியும்.

இருபத்து மூன்றாவது வயதில், வேலையில்லாமல் திரிந்தபோது, நானும் ஒரு கூட்டத்துக்குப் போனேன். பொருளை விற்க வேண்டும், ஆளைச் சேர்க்க வேண்டும், மனத்தை மாற்றினால் பணம் வரும் என்றார்கள். கை தட்டினேன், நம்பினேன். என் பணம் போயிற்று. அது போகட்டும். நான் போனால் கதவு திறக்கும் வீடுகளாகப் பார்த்து மூன்று பேரைச் சேர்த்துவிட்டேன். அதில் ஒருவன், தங்கையின் கல்யாணத்துக்கென்று வைத்திருந்த பணத்தைக் கட்டினான். "நீ சொன்னா சரிடா" என்று அவன் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. எல்லாம் கரைந்த பிறகு நான் அவனிடம், "நானும்தாண்டா ஏமாந்தேன்" என்றேன். அது உண்மை. அதைவிடக் கோழைத்தனமான உண்மையை நான் அதற்கப்புறம் பேசியதில்லை.

ஆகவே என் மனைவிக்கு நான் சொன்ன பதில் இதுதான். நான் எப்படி ஏமாந்தேன் என்பதற்கு நான் யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பாவம் ஏமாற்றியவனைச் சேர்ந்தது. ஆனால் யாருடைய கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனேனோ அவனுக்கு நான் கணக்குச் சொல்லியாக வேண்டும். நான் ஏமாந்தவன் என்பது அந்தக் கணக்கின் ஒரு வரியாக இருக்கலாம், கணக்கையே அழித்துவிடாது. பொறுப்பு என்பது என் நெஞ்சை நானே குத்திக்கொள்ள ஆசான் கொடுத்த ஊசியல்ல. இன்னொருவன் வாசலில் போய் நின்று, "உனக்கு நேர்ந்ததில் என் பங்கு இது" என்று சொல்வது.

என் மனைவி சிறிது நேரம் பேசாமல் இருந்தாள்.

"அந்தத் தங்கை கல்யாணம் நடந்துதா?" என்றாள்.

"இரண்டு வருஷம் தள்ளி நடந்தது."

"நீங்க போனீங்களா?"

பத்திரிகை வந்திருந்தது. நான் போகவில்லை. அதை அவளிடம் சொன்னேன். அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். நான் பழைய முகவரிப் புத்தகத்தைத் தேட ஆரம்பித்தேன்.