எந்தக் கட்டம் முதலில்?

1825-இல் நார்வேயிலிருந்து அமெரிக்காவுக்குக் கப்பலேறத் தொடங்கியவர்களின் சந்ததியார், பூர்விக வட்டாரத்தின் பெயரால் சங்கம் கூட்டி வம்சாவளி எழுதினார்கள். நம்மவரும் கப்பலேறினார்கள். 1860-க்கும் 1911-க்கும் இடையே சென்னையிலிருந்து நேட்டாலுக்குப் போன ஒப்பந்தக் கூலிகளின் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம் எல்லாம் கப்பல் பட்டியலில் ஏறின. பாசத்தால் அல்ல, ஆள்கணக்குக்காக. இன்று பேரன்மார் அந்தப் பட்டியலைக் கொண்டே ஊரைத் தேடுகிறார்கள். முதலாளியின் கணக்கு நினைவைக் காத்தது. தர்ப்பணத்தில் மூன்று தலைமுறைப் பெயரோடு நிறுத்திக்கொள்ளும் நாம் மறந்தோம்.

'சேலம் ஜில்லா' என்ற தாளுடன் ஒருவர் எங்கள் சேந்தமங்கலத்துக்கும் வரலாம். 1997-இல்தானே நாமக்கல் தனி மாவட்டமாயிற்று? அந்தத் தாளில் சாதியும் இருக்கும், தகப்பன் பெயரும் இருக்கும். நம் கண் முதலில் எந்தக் கட்டத்துக்குப் போகும்? அவர் உறவினரா, அந்நியரா என்பதை முடிவு செய்வது இரத்தம் அல்ல, அந்தப் பார்வைதான் என்பேன்.