நிறமும் மங்கலமும்

உலகத்துப் பொருள்களைக் கண் முதற்கண் பற்றுவது நிறத்தாலேயாம். ஆயினும் மனம் நிறத்தைக் கண்ட அளவில் நின்றுவிடுவதில்லை. மஞ்சளை மங்கலமென்றும், வெள்ளையைத் துக்கமென்றும், கறுப்பைத் தீமையென்றும் உடனே தீர்ப்புச் சொல்லுகின்றது. இத்தீர்ப்பு நிறத்தின் இயல்பால் எழுவதோ, மக்கள் வழக்கால் எழுவதோ என்பதைச் சைவ ஆசிரியர்கள் ஆராய்தல் வேண்டும். இவ்வாராய்ச்சி வெறுந் தருக்கமன்று. நம் பாடசாலைகளில் நிகழும் ஓர் அநீதியைத் தொடுவது.

நிறத்துக்கு இயல்பாகிய வலி சிறிதுமில்லையென்று யாம் கூறவில்லை. பேர்லின், கே என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் 98 மொழிகளின் நிறச்சொற்களை ஆராய்ந்து, 1969ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டனர். நிறப்பெயர் மிகக் குறைந்த மொழிகளிற் கருமையும் வெண்மையுமே உள்ளன. மூன்றாம் பெயர் தோன்றுமிடத்து அது செந்நிறத்துக்கே உரியது என்பது அவர் கண்ட முடிபுகளுள் ஒன்று. குருதியும் நெருப்பும் சிவந்திருத்தலின் அந்நிறம் கண்ணை ஈர்த்தல் வியப்பன்று. ஆனால் கண்ணை ஈர்த்தல் வேறு, பொருள் தருதல் வேறு. உடப்புத் திரௌபதை அம்மன் ஆலயத்தில் ஆடி மாதத்தில் அடியார் மிதிக்குந் தழலின் செம்மை பத்தியை விளைக்கின்றது. அச்செம்மையே ஓலைக்கூரையிற் பற்றினால் அச்சத்தை விளைக்கின்றது. தமிழிற் செம்மை என்னுஞ் சொல் நேர்மைக்கும் பெயராயிற்று. சிவத்தலோ சினத்தலையுங் குறித்தது. கறுப்பு, சிவப்பு என்னும் இரு சொற்களும் வெகுளியை உணர்த்தும், நிறத்தையும் உணர்த்தும் என்று தொல்காப்பியர் உரியியலில் விதித்தமை ஆசிரியர்கள் அறிந்ததே. ஒரு நிறமே பல பொருள் தருமாயின், அப்பொருள் நிறத்தினுள்ளே உறைவதன்று என்பது பெறப்படும்.

இனி வெண்மையை நோக்குவோம். புத்தளத்து உப்பளங்களில் உப்பு வெண்குவியலாக நிற்பின் அதனைச் செல்வமென்கின்றோம். அவ்வெண்மை தெருவோரத்திற் கொடியாகத் தொங்கின், அயலில் மரணவீடு உண்டென்று அறிகின்றோம். அக்கொடிகளின் கீழேயே நம் பிள்ளைகள் வெள்ளுடை தரித்துப் பாடசாலைக்குச் செல்லுகின்றனர். ஆங்கில நாட்டிலோ விக்டோரியா அரசியார் 1840இல் வெள்ளுடை அணிந்து மணம் புரிந்தபின் அது மணமகளுக்குரிய நிறமாகப் பரவிற்று. 1861இல் கணவரை இழந்தபின் அவர் தம் இறுதிக்காலமாகிய 1901 வரையும் கறுப்பே உடுத்தார். சீனரிடத்து மணமகளுக்குரியது சிவப்பு. இங்ஙனம் தேயந்தோறும் வேறுபடுவது வழக்கேயன்றி இயல்பாகாது.

யாம் பாதிரிமார் நடாத்திய ஒரு பாடசாலையிற் பயின்ற காலத்து, வானோரை வெண்மையாகவும் பேயைக் கருமையாகவும் எழுதிய படங்கள் சுவரில் இருந்தன. கரிய மேனியுடைய பிள்ளையைப் பிற பிள்ளைகள் அப்படத்தைக் காட்டி நகைப்பர். நம் சமயமோ கருமையை இகழவில்லை. நஞ்சுண்டு கறுத்த கண்டம் இறைவன் கருணைக்கு அடையாளமாயிற்று. உண்மை விளக்கம் நிலத்துக்குப் பொன்மையும், நீருக்கு வெண்மையும், தீக்குச் செம்மையும், காற்றுக்குக் கருமையும், வானுக்குப் புகைநிறமும் கூறும். இவ்வைந்தனுள் ஒன்றைத் தள்ளினும் உடம்பு நில்லாது. எனினும் பிறர் சுவரிலுள்ள படத்தைக் குறைகூறும் நாம் நம் வீட்டு வழக்கையும் நோக்குதல் முறையன்றோ?

வாணி விழாவில் விளக்கேற்றும்போதும், விஜயதசமியில் ஏடு தொடக்கும்போதும், கணவனை இழந்த தாயேனும் ஆசிரியையேனும் முன்வரின் முகஞ் சுளிப்பார் உளர். வெள்ளைச் சேலை அமங்கலமென்பது அவர் கூற்று. அம்மேடையிலேயே கலைமகள் வெள்ளுடையுடன் வெண்டாமரையில் வீற்றிருக்கின்றாள். சுளித்த நெற்றியிலும் வெண்ணீறு விளங்குகின்றது. வெண்மை அமங்கலமாயின் இவையும் அமங்கலமாதல் வேண்டும். அன்றெனின், குற்றம் நிறத்தின்மேலதன்று. துயருற்றாரை மேலுந் துயருறுத்தும் மனத்தின்மேலதே.

“முன்னோர் வழக்கைக் கைவிடலாமோ?” எனச் சிலர் வினவுவர். துக்கத்துக்கு ஓர் அடையாளம் வேண்டுமென்பதை யாம் மறுக்கவில்லை. வெண்கொடி கண்டு வழிச்செல்வோர் குரல் தாழ்த்துவது நல்வழக்கே. ஒருத்தி தானே விரும்பி வெள்ளை உடுப்பின் அதுவும் அவள் உரிமையே. அடையாளத்தைத் தண்டனையாக்குவதே கூடாதென்கின்றோம். முன்னோரையே சான்றாகக் கொள்வோமாயின், பெரியபுராணத்துத் திலகவதியாரை நினைக்க. அவரை மணக்க நின்ற கலிப்பகையார் போரில் இறந்தார். அம்மையார் இறக்கத் துணிந்தும், தம்பியார் பொருட்டு உயிர் தாங்கி, திருவதிகையில் திருத்தொண்டு புரிந்தார். சமணஞ் சார்ந்து சூலைநோயால் வருந்தி மீண்ட அத்தம்பியார் திருநீறு பெற்றது அவர் கையாலேயாம். “மங்கலமிழந்தவள்” என்று உலகம் ஒதுக்கக்கூடிய அக்கையே சைவ உலகுக்கு நாவுக்கரசரைத் தந்தது. அதனினும் பெரிய மங்கலம் யாதுளது?

உயிரானது சார்ந்ததன் நிறத்தைக் காட்டும் படிகம் போல்வது என்று சித்தாந்த நூல்கள் கூறும். சிறுவர் உள்ளம் அங்ஙனமே ஆசிரியரைச் சார்ந்து நிறங்கொள்ளும். நிறங்களின் பெயரைக் கற்பிக்கும் பாடத்திலேயே, ஒவ்வொன்றுக்கும் மக்கள் ஏற்றிய பொருள் இடந்தோறும் வேறுபடுமென்பதையுங் கற்பிக்க. வரும் வாணி விழாவில், பின்வரிசையில் ஒதுங்கி நிற்கும் தாயொருத்தியை அழைத்து முதற்றிரியை ஏற்றுவிக்க. அதனைக் காணும் பிள்ளைகளுக்கு வேறு விரிவுரை வேண்டாம்.