கைதட்டுவோர்க்கும் பங்குண்டு

பிறரை வென்று மகிழ்வது அறமாகுமா? நம் இல்லத்துப் பிள்ளைகள் விளையாட்டுப் போட்டிகளில் பரிசு பெற்று வரும்போது நாம் பெருமிதம் கொள்கிறோம். அப்பரிசு ஓட்டப் பந்தயத்திற்கு உரியதாயின் நமக்கு ஐயம் எழுவதில்லை. குத்துச்சண்டைக்கு உரியதாயின், கொல்லாமையை முதல் விரதமாகக் கொண்ட குடும்பத்தினராகிய நாம் சற்றே தயங்குகிறோம். அத்தயக்கத்தின் காரணத்தை ஆராய்வது நன்று.

வட சென்னையில் வாழ்வோர்க்கு இக்கேள்வி தொலைவில் உள்ளதன்று. இராயபுரம், காசிமேடு பகுதிகளின் மீனவரும் துறைமுகத் தொழிலாளரும் ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் குத்துச்சண்டையைக் கற்றுத் தமதாக்கிக் கொண்டனர். சார்பட்டா பரம்பரை, இடியாப்ப நாயக்கர் பரம்பரை எனக் குழுக்கள் அமைந்தன. 'ரோசமான ஆங்கிலக் குத்துச்சண்டை' என்று விளம்பரம் செய்யப்பட்ட போட்டிகளுக்கு மக்கள் திரண்டனர். 1980இல் உலகப் புகழ் பெற்ற முகமது அலி சென்னைக்கு வந்து காட்சிப் போட்டியில் கலந்துகொண்டார். 1994இல் பாங்காக் நகரில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் சென்னை வீரர் தேவராஜன் வெண்கலப் பதக்கம் பெற்றார்.

உழைக்கும் மக்களுக்குத் தன்மதிப்பை அளித்த கலை இது. அதனை இகழ்தல் தகாது. எனினும் 'ரோசம்' என்னும் சொல்லை எண்ணிப் பாருங்கள். அதில் குரோதமும், மானம் என்னும் செருக்கும் கலந்துள்ளன. நான்கு கஷாயங்களுள் முதலிரண்டும் அவையே அல்லவா?

பண்டைக் கிரேக்கரும் இச்சிக்கலை எதிர்கொண்டனர். கி.மு. 776 முதல் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒலிம்பியாவில் விழா நடைபெற்றதாகக் கணக்கிடுவர். வென்றவருக்கு ஒலிவ இலை முடி சூட்டினர். இரண்டாம் பரிசு என்பது இல்லை. குத்துச்சண்டையில் சுற்றுகளும் இல்லை. எடைப் பிரிவுகளும் இல்லை. தோல்வியை ஏற்பவர் ஒரு விரலை உயர்த்தினால் போட்டி முடிந்தது. அவ்விரலே அங்கு உயிர்களைக் காத்த வேலி எனலாம்.

இரு நிகழ்ச்சிகளைப் பயண நூலாசிரியர் பௌசானியாஸ் குறித்துள்ளார். கி.மு. 564இல் அர்ரிக்கியோன் என்னும் மல்லர், கழுத்து நெரிபடும் நிலையில் எதிரியின் கால்விரலை முறித்தார். வலி பொறாத எதிரி தோல்வியை ஏற்ற அதே கணத்தில் அர்ரிக்கியோன் உயிர் துறந்தார். நடுவர்கள் உயிரற்ற உடலுக்கு முடி சூட்டினர். கி.மு. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிளியோமிடிஸ் என்பவர் குத்துச்சண்டையில் எதிரியைக் கொன்றார். அவரது வெற்றியை நடுவர்கள் பறித்தனர். துயரால் மதி கலங்கிய அவர் ஊர் திரும்பி, ஏறத்தாழ அறுபது சிறுவர்கள் பயின்ற பள்ளியின் தூணைச் சாய்த்தார். கூரை சிறுவர்கள் மீது வீழ்ந்தது.

வாழ்நாளெல்லாம் வகுப்பறையில் நின்ற நமக்கு இச்செய்தி நெஞ்சைப் பிளப்பதாகும். வெல்லக் கற்ற ஒருவர், இழக்கக் கற்கவில்லை. அதன் விலையைத் தந்தோர் அவரோடு மோதியவர் அல்லர். ஒன்றும் அறியாப் பிள்ளைகள்.

இம்சைக்கு வாயில் மூன்று என்பர் நம் ஆன்றோர்: தான் செய்தல், பிறரால் செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல். களத்தில் நிற்பவருக்கு விதிகள் உண்டு, நடுவரும் உண்டு. 'அடி, விடாதே!' என்று இருக்கையில் அமர்ந்து கூவுவோர்க்கு எந்த நடுவர் உளர்? மூன்றாம் வாயிலில் நிற்பவர்கள் அவர்களே. இன்று தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருக்கும் நாமும் அவ்வரிசையில்தான் இருக்கிறோம்.

அடியே இல்லாத ஆட்டமாயின் குற்றமில்லையோ எனின், அதுவும் அவ்வளவு எளிதன்று. 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பைப் போட்டியில் வட சென்னையின் இளம்பெண் காசிமா மூன்று தங்கப் பதக்கங்கள் வென்றது நமக்கெல்லாம் பெருமை. கேரம் பலகையில் யாரும் காயமுறுவதில்லை. ஆயினும் ஆடுபவரோ காண்பவரோ, எதிரில் இருப்பவரின் விரல் நடுங்க வேண்டும் என்று விரும்பினால், அவ்விருப்பமே பாவ இம்சையாகும். தன் விரல் நடுங்காதிருக்க முயன்றால், அது பயிற்சி. இரண்டிற்கும் இடையே உள்ள வேறுபாடு ஆட்டத்தில் இல்லை, உள்ளத்தில் உள்ளது.

இவ்வளவுகோலால் நோக்கின், எதிரியை நினைவிழக்கச் செய்வதையே நோக்கமாகக் கொண்டு விடும் அடியை நாம் ஏற்க இயலாது. உடலையும் மனத்தையும் அடக்கப் பழகும் பயிற்சியை மறுக்கவும் வேண்டுவதில்லை. எனவே பெற்றோர்க்கு நாம் கூறுவது இதுவே. பிள்ளை எந்த ஆட்டத்தைத் தேர்ந்தாலும், விரலை உயர்த்தித் தோல்வியை ஏற்கும் துணிவை முதலில் கற்பியுங்கள். எதிராளி விரலை உயர்த்தியதும் கையைத் தாழ்த்தும் அடக்கத்தை அடுத்துக் கற்பியுங்கள். பரிசு அதன் பின் வரட்டும். இல்லம் திரும்பும் பிள்ளையிடம் 'வென்றாயா?' என்று கேட்குமுன், 'உன்னோடு ஆடிய பிள்ளை நலமா?' என்று கேட்போம். 'ஜினர்' என்னும் பெயர் தம்மைத் தாமே வென்றவருக்கு உரியது என்பதை, அச்சிறு வினா நாள்தோறும் நம் பிள்ளைகளுக்கு நினைவூட்டும்.