இந்த வீடு யாருடையது?



உயர்தர வகுப்பில் வணிகப் பிரிவில் கற்கும் பிள்ளை ஒன்று உங்கள் வீட்டிலும் இருக்கலாம். மாலையில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, அசையும் சொத்து, அசையாச் சொத்து, உடைமை, குத்தகை, ஈடு என்று அது உரத்துப் படிக்கிறது. படித்துக்கொண்டிருந்த பிள்ளை திடீரெனத் தலையை நிமிர்த்தி, "அப்பா, நாம் இருக்கிற இந்த வீடு யாருடையது?" என்று கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்?

"நம்முடையதுதான்" என்று சொல்லத்தான் நா எழும். தாத்தா இந்தக் காம்பிராவில்தான் பிறந்தார். பாட்டியின் பூதவுடல் இந்த வாசலிலிருந்துதான் புறப்பட்டது. ஒழுகிய தகரத்தை மாற்றியதும், பின்புறம் குசினி ஒன்றை இறக்கியதும், இஸ்தோப்புக்குச் சீமெந்து பூசியதும் நாமே. நம்முடையது அன்றி வேறு யாருடையது?

ஆனால் பிள்ளையின் கையிலிருக்கும் புத்தகம் வேறு பதில் சொல்லும். அந்தப் பதிலை முதலில் பொறுமையாகக் கேட்போம். சட்டம் என்ன சொல்கிறது என்று அறியாமல் நீதி எது என்று பேசுவது பயனற்றது.

சட்டத்தின் கண்ணில்

ஒரு பொருள் ஒருவருக்குச் சொந்தம் என்று எப்போது சொல்கிறோம்? ஐந்து கேள்விகள் கேட்டுப் பார்க்கலாம். அதை நான் பயன்படுத்தலாமா? அதன் பலனை எடுக்கலாமா? வேண்டாதவரை உள்ளே வராமல் தடுக்கலாமா? விற்கவோ, பிள்ளைக்கு எழுதிக் கொடுக்கவோ முடியுமா? ஈடு வைத்துக் கடன் வாங்கலாமா? ஐந்துக்கும் ஆம் என்று சொல்லக் கூடியவரே முழு உடைமையாளர்.

இப்போது லயன் காம்பிராவுக்கு வாருங்கள். பயன்படுத்தலாம். வாசலில் நட்ட கறிமிளகாயைப் பறித்துக் கொள்ளலாம். அதற்கு மேல்? விற்க முடியாது. எழுதிக் கொடுக்க முடியாது. ஹற்றனில் ஒரு கடை போட நினைக்கும் மகன் வங்கிக்குப் போனால், "காணி உறுதி இருக்கிறதா?" என்பதே முதற் கேள்வி. பட்டியில் நிற்கும் மாடு உங்களுடையது, அது அசையும் சொத்து. பட்டி நிற்கும் மண் உங்களுடையதன்று.

நாம் கட்டிய குசினி? நமது நாட்டின் பொதுச் சட்டமாகிய உரோம டச்சுச் சட்டத்தில் பழைய கொள்கை ஒன்று உண்டு. நிலத்தோடு பிணைந்தது நிலத்தையே சேரும் என்பது அது. செலவுக்கு நட்டஈடு கேட்கச் சில வேளைகளில் இடமுண்டு. ஆனால் கல் அடுக்கியவர் என்பதற்காக ஒருவர் நிலத்துக்கு உடையவராகி விடுவதில்லை.

"போகட்டும், பெரிய துரை அன்று என் தகப்பனிடம், இது உனக்குத்தான் என்று வாயால் சொன்னாரே" என்பார் ஒருவர். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் குறுக்கே நிற்கிறது. காணி கைமாற வேண்டுமானால் நொத்தாரிசு முன்னிலையில், சாட்சிகளோடு, எழுத்தில் மாற வேண்டும். வாய்ச்சொல்லால் காணி மாறாது.

"நூறு வருடம் இருந்திருக்கிறோமே, அதற்குப் பெறுமதி இல்லையா?" என்பது அடுத்த கேள்வி. இதுவே மிக முக்கியமான கேள்வி. நீண்ட கால ஆட்சியினால் உரித்து உண்டாகும் என்பதை நமது சட்டமும் ஏற்கிறது. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, பிறரது காணியைப் பத்து ஆண்டுகள் இடையூறின்றி ஆண்டவர் அதற்கு உரித்துக் கோரலாம். ஆனால் நிபந்தனை ஒன்று உண்டு. அந்த ஆட்சி உடையவரது உரிமைக்கு எதிரானதாக, அவரைச் சாராததாக இருக்க வேண்டும். அவர் அனுமதித்ததனால் இருப்பவருக்குப் பத்து ஆண்டும் ஒன்றுதான், நூற்றைம்பது ஆண்டும் ஒன்றுதான். மேலும், அரச காணிக்கு எதிராக இந்த உரித்து செல்லாது.

இதிலுள்ள விந்தையைக் கவனித்தீர்களா? வேலி தாண்டிப் போய்ப் பிறர் காணியைப் பிடித்துக்கொண்டவருக்குப் பத்து ஆண்டில் ஒரு வழி திறக்கிறது. பிரட்டுக்குப் போய், கொழுந்து பறித்து, கொடுத்த காம்பிராவில் ஒழுங்காய் இருந்தவருக்கு எந்தக் காலத்திலும் அது திறப்பதில்லை.

உடையவர்தான் யார்?

அப்படியானால் தோட்டக் கம்பனியா உடையவர்? அதுவும் இல்லை. 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியாருக்கு 50 ஏக்கர் என்று உச்ச வரம்பு வைத்தது. 1975இல் வந்த திருத்தம் கம்பனித் தோட்டங்களையும் அரசின் கைக்குக் கொண்டு வந்தது. 1992இல் 20க்கும் மேற்பட்ட பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகள் உருவாக்கப்பட்டு, தோட்டங்கள் அவற்றிடம் நீண்ட காலக் குத்தகைக்கு விடப்பட்டன. ஆகவே நிலத்தின் உடையவர் அரசு. கம்பனி குத்தகைக்காரர். நாம் அக்குத்தகைக்காரரின் அனுமதியில் இருப்பவர்கள். எல்லாருக்கும் முந்தி வந்தவர் எல்லாருக்கும் கீழே நிற்கிறார்.

1975இல் உடையவர் மாறினார். 1992இல் நிருவாகம் மாறியது. இரண்டு முறையும் காம்பிராவில் இருந்தவரின் நிலை மாறவில்லை. வீட்டோடு வீடாக அவரும் கைமாறினார் என்றே சொல்ல வேண்டும்.

அரசுக்கு அந்த உரிமை எங்கிருந்து வந்தது என்றும் கேட்க வேண்டும். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடாகவும் பயிரிடப்படாமலும் கிடந்த நிலம் முடிக்குரியது என்று அனுமானித்தது. சேனைப் பயிர் செய்த கண்டிச் சீமைக் கிராமத்தவரிடம் உறுதி ஏது? அவர்களது மேய்ச்சல் நிலமும் காடும் கோப்பித் தோட்டக்காரருக்குப் போயின. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்ட மலைக்கும் இந்தக் கதை உண்டு. நமது பாட்டன்மார் அந்த நிலத்தைப் பறித்தவர்கள் அல்லர், பறிக்கப்பட்ட நிலத்தில் உழைக்க அழைத்து வரப்பட்டவர்கள். ஆயினும் சிங்களக் கிராமத்தவரின் மனக்குறையிலும் நியாயம் உண்டு என்பதை ஏற்காமல் நாம் நமது நியாயத்தைப் பேசக் கூடாது.

ஒரு வழக்கு

ஹற்றனிலிருந்து மேற்கே மலை இறங்கினால் வரும் கேகாலை மாவட்டத்தில் நேவ்ஸ்மயர் என்றொரு தோட்டம் இருந்தது. கிராம விரிவாக்கத்துக்கென்று அரசு அதை எடுத்துக்கொண்டு, 1946இல் தொழிலாளரை வெளியேறச் சொல்லியது. அவர்கள் போகவில்லை. எங்கே போவார்கள்? அத்துமீறிக் குடியிருந்த குற்றத்துக்காக நீதிமன்றத்துக்கு இழுக்கப்பட்டார்கள். அவர்களுள் ஒருவரின் வழக்கு, செல்வநாயகம் எதிர் மன்னர் என்ற பெயரில், இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. (இவர் தந்தை செல்வா அல்லர், ஒரு தோட்டத் தொழிலாளி.)

1950இல் பிரிவி கவுன்சில் கூறிய நியாயத்தின் சாரம் இது: தமக்கு உரிமை உண்டென்று மனதார நம்பி ஒருவர் ஓரிடத்தில் இருந்தால், அந்த நம்பிக்கை சட்டப்படி பிழையாக இருந்தாலும், பொறுப்பாளருக்கு அது எரிச்சலூட்டும் என்ற காரணத்தால் மட்டும் அவர் குற்றவாளி ஆகார். எரிச்சலூட்டுவதே அவரது முதன்மையான நோக்கம் என்று அரசு தரப்பு நிரூபிக்க வேண்டும்.

அந்தத் தீர்ப்பு பெரிய ஆறுதல்தான். ஆனால் அது எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அவர் குற்றவாளி அல்லர். அதனால் சொந்தக்காரரும் ஆகிவிடவில்லை. இந்த இரண்டு 'அல்ல'களுக்கு நடுவில்தான் மலையகத்துக் குடும்பங்கள் இத்தனை காலம் வாழ்ந்திருக்கின்றன.

குடியுரிமையும் இந்தக் கதையோடு சேர்ந்ததே. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நம்மவருட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். நாடற்றவர் அரச காணிக்கு எப்படி மனுப் போடுவார்? 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று எழுதியது. காணியைப் பங்கு பிரிப்பதுபோல் மனிதர் பங்கு பிரிக்கப்பட்டனர். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடுதான் அந்தப் பிரச்சினை பெருமளவு தீர்ந்தது. வாக்குச் சீட்டு கைக்கு வந்த பின்னும் காணி உறுதி வரவில்லை.

மனச்சாட்சியின் கண்ணில்

சட்டத்தைக் கேட்டோம். இனி மனச்சாட்சியைக் கேட்போம்.

அனுமதியில் வாழ்வதற்கும் உரிமையில் வாழ்வதற்கும் என்ன வேறுபாடு? கூரை ஒன்றுதான், அடுப்பும் ஒன்றுதான். ஆனால் அனுமதியில் வாழ்பவர் குரலைத் தாழ்த்தப் பழகுகிறார். தோட்டத்தில் வேலை செய்ய ஆள் இல்லாத வீட்டைப் பற்றி என்ன சொல்வார்களோ என்ற பயத்தில், படிக்க வேண்டிய பிள்ளையின் பெயரைப் பதியக் கொடுத்த பெற்றோரை நாம் அறிவோம். வேலை போனால் வீடும் போகும் என்றிருக்கையில், கூலி குறைவென்று ஒருவர் எப்படித் துணிந்து பேசுவார்? 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. அந்த இடம் ஆபத்தானது என்று முன்னரே எச்சரிக்கை இருந்தது. ஆனால் வேறெங்கும் ஒரு சாண் நிலம் இல்லாதவரிடம் எழுந்து போ என்று சொல்வது எச்சரிக்கை மட்டுமே, அது வழி ஆகாது.

திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் 1891இல் எழுதிய சுற்றுமடலில், உழைப்பாளி தன் உழைப்பின் பயனால் சொந்தமாக நிலம் பெறுவது அவனது இயல்பான உரிமை என்று வாதாடினார். 6ஆம் சின்னப்பர் 1967இல், தனிச் சொத்துரிமை எவருக்கும் எல்லையற்ற உரிமையன்று என்று நினைவூட்டினார். இரண்டும் ஒன்றுக்கொன்று முரணல்ல. நிலம் மனிதர் வாழ்வதற்கு. உடைமை என்ற ஏற்பாடு அந்த வாழ்வைக் காக்கும் வேலி. வேலி பயிரைக் காக்க வேண்டும். அது பயிரையே மேய்ந்தால் வேலியைத் திருத்த வேண்டும்.

அரச காணிக்கு எதிராகக் கால உரித்து இல்லை என்ற விதி நல்ல விதிதான். இல்லாவிட்டால் வலியவர் எல்லாம் காட்டையும் ஆற்றங்கரையையும் வளைத்துக் கொள்வர். ஆனால் பொதுச் சொத்தைக் காக்கும் பொறுப்பு அரசுக்கு இருப்பதுபோல், அந்தப் பொதுமக்களுள் ஒரு பகுதியினர் தலைமுறை தலைமுறையாக உழைத்துப் பெருக்கிய நிலத்தில் அவர்களுக்கொரு பங்கை எழுதிக் கொடுக்கும் பொறுப்பும் அதற்கு உண்டு. நீதிமன்றத்தில் கேட்டுப் பெற முடியாத உரித்தைச் சட்டமன்றத்தாலும் அரசாலும் கொடுக்க முடியும். அப்படிக் கொடுப்பது தருமம் அன்று, கடன் தீர்ப்பது.

"வீட்டுக்குக் காணி கொடுத்தால் தேயிலை என்னாவது?" என்பார் சிலர். ஒரு ஏக்கர் என்பது 160 பேர்ச்சஸ். கேட்பது பேசப்பட்டுவரும் 7 அல்லது 10 பேர்ச்சஸ். வீடும் சிறு தோட்டமும் கொள்ளும் இந்த அளவினால் தேயிலை அழியாது. உறுதியான வீடு உள்ளவருக்கே ஊரில் நின்று உழைக்க மனம் வரும்.

உறுதி கையில் வந்தவர்களுக்கு

கடந்த சில ஆண்டுகளில் 'பசுமை பூமி' என்ற பெயரில் 7 பேர்ச்சஸ் காணிக்கான உறுதிகள் சில குடும்பங்களுக்குக் கிடைத்தன. இந்திய உதவியோடு தனி வீடுகள் எழுந்தன. 2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். இன்னும் லயத்தில் இருப்போர் மிகப் பலர். எனினும் உறுதி பெற்றவர்களுக்கு இரண்டு சொல் கூற வேண்டும்.

முதலாவது, கையிலிருக்கும் தாளைப் படியுங்கள். அது நொத்தாரிசு முடித்த உறுதியா, அல்லது வீட்டுக்கு உரியவர் என்று கூறும் சான்றிதழ் மாத்திரமா? காணிப் பதிவகத்தில் பதியப்பட்டதா? விற்கவும் ஈடு வைக்கவும் என்ன நிபந்தனை? யார் பெயரில் இருக்கிறது? மலையேறிக் கொழுந்து பறித்து அந்தக் காணியைச் சம்பாதித்தவள் தாய். அவள் பெயர் அதில் இல்லையென்றால், வெளியே நாம் கேட்கும் நீதியை வீட்டுக்குள்ளே மறுத்தவர்கள் ஆவோம்.

இரண்டாவது, உடைமை வந்ததும் அதன் சோதனையும் வரும். நேற்றுவரை ஒரே லயத்தில் ஒரே பீலியில் தண்ணீர் பிடித்தவர்கள், இன்று எல்லைக் கல்லுக்காகப் பொலிஸ் நிலையம் போகிறார்கள். பாட்டன் காலத்திலிருந்து காத்த மண்ணை ஒரு கலியாணச் செலவுக்கோ ஒரு மாதக் குடிக்கோ விற்க முனைவோரும் இருக்கிறார்கள். நாபோத்தை நினைத்துக் கொள்ளுங்கள். மாளிகைக்குப் பக்கத்திலிருந்த அவனது திராட்சைத் தோட்டத்தை அரசன் ஆக்காபு விலைக்குக் கேட்டான். வேறு நல்ல தோட்டம் தருவதாகவும் சொன்னான். முன்னோரின் உரிமையைக் கொடேன் என்று மறுத்து, அதற்காக உயிரையே கொடுத்தான் நாபோத்து. அந்தத் தோட்டத்தை அவன் தனக்குரிய பொருளாக மட்டும் பார்க்கவில்லை. தனக்கு முன் இருந்தோரிடமிருந்து பெற்று, பின் வருவோருக்குக் கொடுக்க வேண்டிய ஒன்றாகவே பார்த்தான்.

இனி அந்தப் பிள்ளையின் கேள்விக்கு வருவோம். "இந்த வீடு யாருடையது?" மழுப்ப வேண்டாம். உண்மையைச் சொல்லுங்கள். "சட்டப்படி இன்று இது நம்முடையதன்று, மகனே. ஆனால் இதன் விலையை உன் பாட்டனும் பாட்டியும் எப்போதோ கொடுத்துத் தீர்த்துவிட்டார்கள். உறுதி எழுதுவதுதான் பாக்கி. அதை எழுதிக் கேட்க வேண்டிய முறையை நீ படித்துக்கொள்."